ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கை நம்பி இறங்கலாமா? சோதித்துப் பார்க்கும் வழி

அலுவலக வேலைக்கு ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க் (வெப் அப்ளிகேஷன் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) தேடும் புதியவர்கள் முதலில் பார்ப்பது நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எத்தனை ஸ்டார் என்பதைத்தான். எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று அது சொல்லும், அவ்வளவே. நான் பார்ப்பது வேறு: பழைய பதிப்பை நம்பி இருப்பவர்களை அந்தத் திட்டம் எப்படி நடத்துகிறது? பைதான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கை வைத்தே பார்க்கலாம்.

படி 1: வெளியீட்டுத் தேதிகளைப் படியுங்கள்

ஜாங்கோவில் சுமார் எட்டு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒரு காலத்தில் ஜாவாக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்திய ஸ்ட்ரட்ஸ் 1-ஐப் பாருங்கள். கடைசிப் பதிப்பான 1.3.10 வந்தது 2008 டிசம்பரில். 'இனி ஆதரவு இல்லை' என்ற அறிவிப்போ 2013 ஏப்ரலில்தான் வந்தது. நடுவில் நாலு வருஷத்துக்கு மேல் இடைவெளி! தேதிகளைப் பார்த்து வந்தவர்களுக்கு அறிவிப்பே தேவைப்பட்டிருக்காது.

படி 2: ஆதரவு முடியும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஜாங்கோ 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2025 ஏப்ரலில் வந்தது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. இப்படி ஒரு தேதியே சொல்லாத ஃபிரேம்வொர்க்கை அலுவலக வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

படி 3: பாதுகாப்பு ஓட்டைகளை எப்படிக் கையாள்கிறார்கள்?

ஓட்டையே பதிவாகாத ஃபிரேம்வொர்க் நல்லது என்று நினைக்காதீர்கள். யாரும் தேடிப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஓட்டையை ரகசியமாகத் தெரிவிக்க வழி இருக்கிறதா, திருத்தம் வந்ததும் பகிரங்கமாக அறிவிக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்ட்ரட்ஸ் 2-இல் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. எக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் அதைப் போடாமல் விட்டது. மே மாதம் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். ஃபிரேம்வொர்க் தன் வேலையைச் செய்தாலும் பேட்ச் போட வேண்டியது நாம்தான்.

படி 4: சாவி யார் கையில்?

ஜாங்கோவுக்குப் பின்னால் லாப நோக்கமில்லாத அறக்கட்டளை இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். 2022 செப்டம்பரில், ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த ஆக்கா என்ற நிரல் தொகுப்பு திடீரென்று தன் திறந்த மூல உரிமத்தை மாற்றிக்கொண்டது. அதன்மேல் நின்றிருந்த ப்ளே ஃபிரேம்வொர்க், ஆக்காவின் பழைய திறந்த நிரலிலிருந்து கிளைத்த பெக்கோவுக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. நீங்கள் எடுக்கும் ஃபிரேம்வொர்க் மட்டுமில்லை, அது எதன்மேல் நிற்கிறது என்பதும் முக்கியம்.

படி 5: நீங்களே ஒரு மேம்படுத்தலைச் செய்து பாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான சோதனை. ஜாங்கோ 4.2-இல் எழுதிய, டெஸ்ட்கள் உள்ள சின்ன அப்ளிகேஷன் ஒன்றை எடுங்கள். பைதான் சில எச்சரிக்கைகளை வழக்கமாக மறைத்துவிடும். எல்லாவற்றையும் காட்டச் சொல்லி டெஸ்ட்களை ஓட்டுங்கள். நீக்கப்படப் போகும் வசதியை எங்காவது தொட்டிருந்தால் கோப்பு, வரி எண்ணோடு எச்சரிக்கை வரும். எந்தப் பதிப்பில் அது எடுக்கப்படும் என்பது அந்த எச்சரிக்கையின் பெயரிலேயே இருக்கும். அவற்றைச் சரிசெய்துவிட்டு 5.0, 5.1, 5.2 என்று ஒவ்வொன்றாக ஏறுங்கள்.

அப்புறம், உங்கள் பட்டியலில் உள்ள இன்னொரு ஃபிரேம்வொர்க்கிலும் இதையே செய்யுங்கள். அங்கே எச்சரிக்கை எதுவும் வராமல் நேராக எரர் வந்து நின்றால், வெளியீட்டுக் குறிப்பில் அந்த மாற்றத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிடலாம்.