மடிக்கணினியிலிருந்து முகிலுக்கு: திறந்த மூலக் கருவிகளைக் கொண்டு செயலியை ஏற்றுவது எப்படி?

யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் ஆகிய சந்தைகளின் அன்றாட மரக்கறி விலையைக் கைபேசியில் காட்டும் சிறிய வலைச்செயலி ஒன்றை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பைதனில் ஃபிளாஸ்க் என்ற வலைச்சட்டகம் கொண்டு எழுதிய பின்புலம், போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், ஒரேயொரு பக்கம். உங்கள் மடிக்கணினியில் அது குறையின்றி ஓடுகிறது. வெங்காயத்தைச் சந்தைக்கு ஏற்றுவதற்கு முன்னர் விவசாயி ஒருவர் விடியற்காலையில் திறந்து பார்க்கத்தக்கதாக அதை முகிலில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த சேர்வரில், ஏற்றுவதே மீதி வேலை. அதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. சேர்வர் வாடகையும் டொமைன் பெயரும் தவிர வேறு செலவு இல்லை. கருவிகள் பல இருப்பதால், எதை எப்போது எடுப்பது என்பதிலேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கோப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் சேர்வருக்குப் பிரதிசெய்யும் வழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும் என்பதும், தேவைக்கு மிஞ்சிய பெரிய கருவியைத் தொடக்கத்திலேயே தோளில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒழுங்கும் அந்தக் கருத்தின்படியே அமைந்துள்ளது.

முதலில் கொன்டெய்னர்

செயலியையும் அதற்கு வேண்டிய பைதன் பதிப்பு, நூலகங்கள் முதலியவற்றையும் ஒரே இமேஜாக, அதாவது ஒரே பொதியாக, கட்டிவிட்டால், அது கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் உங்கள் கணினியில் ஓடியவாறே சேர்வரிலும் ஓடும். 2013இல் வெளிவந்த டொக்கர் இந்த முறையைப் பரவலாக்கியது. டொக்கர் எஞ்சின் திறந்த மூலம்; ஆனால் டொக்கர் டெஸ்க்டொப் அவ்வாறானதன்று, பெரிய நிறுவனங்கள் அதற்குச் சந்தா செலுத்த வேண்டும். உபுண்டு பாவிப்பவர்கள் எஞ்சினை மாத்திரம் நிறுவிக்கொண்டால் போதும். பின்னணியில் எப்போதும் ஓடும் சேவை எதுவுமின்றி, சாதாரணப் பயனர் கணக்கிலேயே இயங்கும் பொட்மன் நல்ல மாற்று. டொக்கரின் கட்டளைகளில் பெரும்பாலானவை அதிலும் அப்படியே வேலை செய்யும்.

இமேஜைக் கட்டும் படிகள் அடங்கிய டொக்கர்ஃபைலை எழுதும்போது வரிகளின் ஒழுங்கில் மிகுந்த கவனம் வேண்டும். ஒவ்வொரு வரியும் ஒரு படலமாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு படலம் மாறினால் அதற்குக் கீழே வரும் படலங்கள் அனைத்தும் மீண்டும் கட்டப்படுகின்றன. எனவே, முதலில் நூலகப் பட்டியல் அடங்கிய கோப்பை மாத்திரம் உள்ளே பிரதிசெய்து, பிப் கட்டளையால் நூலகங்களை நிறுவி, அதன் பின்னரே உங்கள் நிரலைப் பிரதிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் முதலிலேயே பிரதிசெய்தால், பக்கத்தின் தலைப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் நூலகங்கள் அத்தனையும் திரும்ப இணையத்திலிருந்து இறங்கும். இமேஜை ரெஜிஸ்ட்ரி என்ற இமேஜ் களஞ்சியத்துக்கு ஏற்றும்போதும் இதே கணக்குத்தான்: மாறாத படலம் இரண்டாம் தடவை ஏறுவதில்லை. கைபேசியின் தரவைப் பகிர்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் நூறு எம்பி ஏற்றுவதற்கும் ஓரிரண்டு எம்பி ஏற்றுவதற்கும் இடையிலான வித்தியாசம் அந்த ஒழுங்கில் தங்கியிருக்கிறது.

அடிப்படை இமேஜாக முழுப் பைதன் இமேஜை எடுத்தால், விரித்த நிலையில் ஏறக்குறைய 1 ஜிபி இடம் பிடிக்கும். 'ஸ்லிம்' பதிப்பு அதைவிடப் பல மடங்கு சிறியது. சந்தை விலைச் செயலிக்கு ஸ்லிம் தாராளமாகப் போதும். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் கோப்புறையும், கடவுச்சொற்கள் உள்ள என்வ் கோப்பும் இமேஜுக்குள் போகாதவாறு டொக்கர்இக்னோர் கோப்பில் அவற்றைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.

இன்னொரு விடயத்தை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அப்பிளின் எம்1 சில்லு கொண்ட கணினியை வாங்கிய புதிதில், ஒருநாள் இரவு இமேஜைக் கட்டிச் சேர்வரில் ஏற்றினேன், செயலி எழும்பவேயில்லை. செயலியின் பதிவேடான லொக்கில் 'எக்ஸெக் ஃபோர்மட் எரர்' என்ற ஒற்றை வரி மாத்திரமே இருந்தது. நிரலில் பிழை தேடியே இரண்டு மணித்தியாலம் போயிற்று. என் கணினி ஏஆர்எம் என்ற சில்லுக் கட்டமைப்புக்கான இமேஜைக் கட்டியிருந்தது, சேர்வரோ ஏஎம்டி64 கட்டமைப்பில் ஓடியது என்பதே காரணம். டொக்கர் பில்ட் கட்டளையுடன் பிளாட்ஃபோம் என்ற தெரிவைச் சேர்த்து 'லினக்ஸ்/ஏஎம்டி64' என்று குறிப்பிட்டவுடன் எல்லாம் சரியாயிற்று. அதேபோல, இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று பெயரிடாமல், கிட் கமிட்டின் (பதிவுசெய்த மாற்றத்தின்) அடையாள எண்ணையே பெயராக இடுங்கள். எந்தப் பதிப்பு ஓடுகிறது, எதற்குத் திரும்ப வேண்டும் என்பது அப்போதுதான் ஐயமின்றித் தெரியும்.

சிறிய செயலிக்கு டொக்கு

ஒரு செயலி, ஒரு தரவுத்தளம், ஒரு சேர்வர் என்றிருந்தால், கிட் மூலம் அனுப்பும் நிரலைச் சேர்வரில் தானே கட்டி ஓடவிடும் டொக்குவே என் தெரிவு. 2013இல் ஏறத்தாழ நூறு வரிப் பாஷ் நிரலாகத் தொடங்கிய இக்கருவி எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது; 1 ஜிபி நினைவகம் கொண்ட, மாதம் சில டொலர் வாடகையுள்ள சேர்வரிலும் ஓடும். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை செய்வோருக்கு இதிலுள்ள பெரிய வசதி, இமேஜ் சேர்வரிலேயே கட்டப்படுவதுதான். நீங்கள் அனுப்புவது கிட் மாற்றங்களை மாத்திரம். அது பெரும்பாலும் சில கிலோபைட்டுகளே.

சேர்வரை எங்கே எடுப்பது? மும்பாய், சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் பெரிய முகில் நிறுவனங்களின் தரவு நிலையங்கள் உள்ளன. நிலப்படத்தில் சென்னை நமக்கு அருகில் இருந்தாலும், இணையப் பொதிகள் கேபிள் போகும் வழியிலேயே போகும். ஆகவே, ஒவ்வோர் இடத்துக்கும் உங்கள் வீட்டு இணைப்பிலிருந்தும் கைபேசி இணைப்பிலிருந்தும் பிங் செய்து, பதில் வர எடுக்கும் நேரத்தைப் பார்த்தே முடிவெடுங்கள்.

உபுண்டு சேர்வரில் டொக்குவை நிறுவிய பின், 'டொக்கு அப்ஸ்:கிரியேட் சந்தை' என்ற கட்டளையால் செயலிக்கு இடம் ஒதுக்குங்கள். போஸ்ட்கிரஸ் பிளகினை (துணை நிரலை)ச் சேர்த்து, தரவுத்தளத்தை உருவாக்கி, 'போஸ்ட்கிரஸ்:லிங்க்' கட்டளையால் செயலியுடன் இணைத்தால், தரவுத்தளத்தின் முகவரி டேட்டாபேஸ் யூஆர்எல் என்ற சூழல் மாறியாகச் செயலிக்குக் கிடைக்கும். இங்கே பலர் இடறும் கல் ஒன்று உண்டு. அந்த முகவரி 'போஸ்ட்கிரஸ்' என்ற சொல்லுடன் தொடங்கும், ஆனால் பைதனிலிருந்து தரவுத்தளத்தை அணுகும் நூலகமான எஸ்கியூஎல்அல்கெமி, 1.4 பதிப்பு முதல் 'போஸ்ட்கிரஸ்கியூஎல்' என்ற முழுச்சொல்லையே ஏற்றுக்கொள்கிறது. நிரலில் ஒரு வரியால் அதை மாற்றிக்கொண்டால் போதும், ஆனால் காரணம் தெரியாதவருக்கு அந்தப் பிழைச்செய்தி எதையும் விளங்கப்படுத்தாது.

பின்னர், உங்கள் கணினியில் சேர்வரைக் கிட் ரிமோட்டாக (நிரலை அனுப்பும் இடமாக)ச் சேர்த்து, 'கிட் புஷ் டொக்கு மெயின்' என்று இடுங்கள். டொக்கு உங்கள் டொக்கர்ஃபைலைக் கண்டு, இமேஜைக் கட்டி, புதிய கொன்டெய்னரை எழுப்பி, அது சில விநாடிகள் விழாமல் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே பழையதிலிருந்து போக்குவரத்தைத் திருப்பும். டொக்கர்ஃபைலில் 5000ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை)த் திறந்திருந்தால், வெளியிலும் அதே 5000 தான் திறக்கப்படும். 'போர்ட்ஸ்:செட்' கட்டளையால் வெளியே 80, உள்ளே 5000 என்று பொருத்திவிடுங்கள். அதன்பின் லெட்ஸ்என்கிரிப்ட் பிளகினால் எச்டிடிபிஎஸ் சான்றிதழையும் இலவசமாகப் பெறலாம்.

புஷ் நடக்கும்போது மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2022இல் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தைக் கண்டவர்களுக்கு அது வீண் கேள்வியன்று. பழைய கொன்டெய்னர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். பாவனையாளருக்கு எதுவும் தெரியாது. அடுத்த புஷ் பூட்டப்பட்டிருப்பதாக மறுக்கப்பட்டால், 'அப்ஸ்:அன்லொக்' என்ற கட்டளை அந்தப் பூட்டை நீக்கும்.

சேவைகள் பெருகும்போது

விலையைச் சேகரிக்கும் சேவை, குறுஞ்செய்தி அனுப்பும் சேவை, படம் பதிவேற்றும் சேவை என்று செயலி கிளைவிட்டு, ஒரு சேர்வர் போதாது என்ற நிலை வந்தபின், பல சேர்வர்களில் கொன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டிஸ் பக்கம் போகலாம். அதற்கு முன்னர் வேண்டாம். கூகிள் 2014இல் அறிவித்து, 2015இல் முதற்பதிப்பை வெளியிட்ட இம்மென்பொருளின் பெயருக்குக் கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். நமது பழஞ்சொல்லில் மீகாமன். எத்தனை பிரதிகள் ஓட வேண்டும் என்று கோப்பில் எழுதிக் கொடுத்தால், ஒன்று விழும்போது அதுவே இன்னொன்றை எழுப்பி, எழுதிய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் இமேஜைக் கட்டி, பெயரிட்டு, ஏற்றி, கோப்பில் புதுப் பெயரை மாற்றி, கட்டளை இடுவது சலிப்பைத் தரும் வேலை. அதில் ஒரு படி தவறினாலும் பழைய நிரலே ஓடும். கூகிள் வெளியிட்ட ஸ்கஃபோல்ட் இந்தச் சங்கிலி முழுவதையும் தானே பார்த்துக்கொள்கிறது. முதலில் கைண்ட் என்ற கருவியால் உங்கள் கணினியிலேயே, டொக்கருக்குள், சிறு கூபர்நெட்டிஸ் கிளஸ்டர் (கொன்டெய்னர்கள் ஓடும் சேர்வர் தொகுதி) ஒன்றை எழுப்புங்கள். செயலியின் கோப்புறையில் 'ஸ்கஃபோல்ட் இனிட்' என்று இட்டால், இருக்கும் டொக்கர்ஃபைலையும் கூபர்நெட்டிஸ் கோப்புகளையும் வாசித்து அமைப்புக் கோப்பை அதுவே எழுதும். அதன்பின் 'ஸ்கஃபோல்ட் டெவ்' ஓடிக்கொண்டிருக்கும்வரை, நீங்கள் கோப்பைச் சேமித்தவுடன் புதிய இமேஜ் கட்டப்பட்டு, கிளஸ்டருக்குள் ஏறி, லொக் வரிகள் உங்கள் திரையில் ஓடும். கைண்ட் கிளஸ்டருக்கு ரெஜிஸ்ட்ரி தேவையில்லை, இமேஜ் நேரே உள்ளே ஏற்றப்படும். ஆகவே இணையம் மந்தமான நாளிலும் வேலை நிற்காது. பக்க வார்ப்புருக்களுக்குக் கோப்பு ஒத்திசைவை அமைத்துவிட்டால், இமேஜைக் கட்டாமலே மாற்றம் கொன்டெய்னருக்குள் போய்ச் சேரும்.

இமேஜின் பெயரைக் கிட் கமிட்டிலிருந்தே ஸ்கஃபோல்ட் எடுத்துக்கொள்கிறது. கமிட் செய்யாத மாற்றங்கள் இருந்தால் பெயரின் இறுதியில் 'டேர்ட்டி' என்ற சொல்லைச் சேர்க்கும். உண்மையான சேர்வரில் அந்தச் சொல்லுடன் ஓர் இமேஜ் ஓடுவதைக் கண்டால், எங்கும் பதிவாகாத நிரல் மக்களுக்குப் போயிருக்கிறது என்று பொருள். உடனே கமிட் செய்து திரும்ப ஏற்றுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இங்கே உண்டு. 'ஸ்கஃபோல்ட் டெவ்' கட்டளையைக் கொன்ட்ரோல்-சீ அழுத்தி நிறுத்தும்போது, அது தான் ஏற்றிய அனைத்தையும் கிளஸ்டரிலிருந்து அழித்துவிடும். உங்கள் கணினியிலுள்ள கிளஸ்டரில் அது நல்ல பழக்கம். ஆனால் அவ்வேளையில், கூபர்நெட்டிஸுக்குக் கட்டளையிடும் கருவியான கியூப்சிடிஎல்லின் கொன்டெக்ஸ்ட் (எந்தக் கிளஸ்டர் என்ற தெரிவு) உண்மையான சேர்வரைச் சுட்டிக்கொண்டிருந்தால், பாவனையில் உள்ள செயலியே போய்விடும். ஆகவே, அமைப்புக் கோப்பில் கியூப்கொன்டெக்ஸ்ட் என்ற இடத்தில் கைண்ட் கிளஸ்டரின் பெயரைப் பூட்டிவையுங்கள். உண்மையான கிளஸ்டருக்குத் தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, 'ஸ்கஃபோல்ட் ரன்' கட்டளையால் மாத்திரம் அங்கே ஏற்றுங்கள். பிழையான பதிப்பு போய்விட்டால் கியூப்சிடிஎல்லின் 'ரோல்அவுட் அன்டூ' முந்தியதற்குத் திருப்பும்.

எடிட்டராக விஎஸ் கோட்டின் திறந்த மூலத்திலிருந்து கட்டப்படும் விஎஸ்கோடியத்தைப் பாவிக்கலாம். மேலே சொன்ன கட்டளைகள் அனைத்தும் அதன் டேர்மினலிலேயே ஓடும். இரகசியங்களை வைக்கும் கூபர்நெட்டிஸ் சீக்ரெட்டில் இடும் கடவுச்சொல் பேஸ்64 வடிவில் இருப்பதால் அது மறைக்கப்பட்டது என்று எண்ணி, அந்தக் கோப்பைக் கிட்டில் சேர்க்க வேண்டாம்; அதை எவரும் ஒரு கட்டளையால் வாசித்துவிடலாம்.

சேர்வர், ஃபயர்வோல், டிஎன்எஸ் ஆகியவற்றையும் கோப்பாக எழுதிவைக்க விரும்பினால் ஓபன்டோஃபு இருக்கிறது. இதே வேலையைச் செய்யும் டெராஃபோமின் உரிமம் 2023 ஓகஸ்டில் திறந்த மூலத்திலிருந்து மாறியபோது, அதிலிருந்து பிரிந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளர்ந்த கருவி இது. முதல் நிலையான பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. 'டோஃபு பிளான்' காட்டும் பட்டியலில் எதையாவது அழிக்கப்போவதாக இருந்தால், காரணத்தைக் கண்டறியாமல் 'அப்ளை' இடாதீர்கள்.

செயலி எழும்பியதும் தரவுத்தளத்தின் பிரதியை எடுக்கும் வழியையும் அன்றே அமைத்துவிடுங்கள். டொக்குவில் 'போஸ்ட்கிரஸ்:எக்ஸ்போர்ட்' கட்டளை முழுத் தரவையும் ஒரே கோப்பாகத் தரும். குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் குறோன் மூலம் அதை ஒவ்வோர் இரவும் எடுத்து, வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடலாம். வாரத்தில் ஒருநாள் அந்தக் கோப்பை உங்கள் மடிக்கணினியிலுள்ள வெற்றுத் தரவுத்தளத்தில் மீட்டு, முதல்நாள் பதிவான மருதனார்மடத்துச் சின்ன வெங்காயத்தின் விலை அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.