ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலைக்கு மதிப்பெண் பட்டியலை மட்டும் அனுப்புகிறார்கள். அது போதாது; தரவை நீங்களே கையாண்ட ஒரு வேலையையும் காட்டுங்கள்.

மலிவான வெப்பநிலை, ஈரப்பத சென்சார் ஒன்றை வீட்டு வராந்தாவில் ஒரு மாதம் ஓடவிடுங்கள். டர்பன் கோடையின் புழுக்கத்தில் அளவீடு தடுமாறலாம். கரண்ட் போனால் தரவு விடுபடும். அந்தக் கோளாறுகளை மறைக்காதீர்கள். எந்த எண்ணை நீக்கினீர்கள், எதை விட்டுவைத்தீர்கள், ஏன் என்று ஒரே பக்கத்தில் எழுதி, தரவை அலசிய பைத்தான் கணினி நிரலையும் சேர்த்து அனுப்புங்கள். நம் நாட்டின் கரூ வறண்ட பகுதியில் 64 ஆன்டெனாக்களோடு இயங்கும் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியிலும் செயற்கைக்கோள் இரைச்சலைத் தரவிலிருந்து பிரிப்பது தீராத வேலைதான்.

அப்புறம், விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்திலேயே ரேடியோ வானியல் ஆய்வு நடக்கிறது. அந்தத் துறைப் பேராசிரியருக்கு நேராக எழுதிக் கேளுங்கள்.