ரோஜாக் குச்சி கேட்டு வருகிறவர்களுக்கு

மாசி பிறந்துவிட்டால் கோபியில் எங்கள் வீட்டுப் பன்னீர் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூத்துவிடும். பார்க்க வருகிறவர்கள் "ஏனுங்கக்கா, ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்க" என்று கேட்காமல் போவதில்லை. தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ஒடிக்காதீர்கள். பட்டை கிழிந்தால் தாய்ச்செடிக்கு நோய் ஏறும். கத்தரியால் வெட்டுங்கள்.

பூ உதிர்ந்த, பென்சில் கனமுள்ள கிளைதான் நன்றாக வேர் பிடிக்கும். முள்ளைப் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். 'டக்'கென்று சுத்தமாகக் கழன்றால் குச்சி பக்குவம். தோலோடு உரிந்து வந்தால் இன்னும் இளசு, விட்டுவிடுங்கள். ஒரு சாண் நீளத்துக்கு எடுத்து, அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுங்கள். அப்போதுதான் எது அடி என்று தெரிந்து, வாங்கிப் போகிறவர் தலைகீழாக நட மாட்டார். எங்கள் நங்கை அப்படி நட்டு நாலு குச்சி வீணாய்ப் போனது, எனக்கு மனசே ஆறவில்லை.

ஈரத்துணி சுற்றி வாழை மட்டையில் வைத்துக் கட்டினால் பொள்ளாச்சி வரை பஸ்ஸில் போனாலும் வாடாது. நடும்போது அடியைச் சோற்றுக்கத்தாழைச் சாற்றில் தோய்த்து, செம்மண்ணும் மக்கிய தேங்காய் நார்க்கழிவும் கலந்த பையில் இரண்டு கணு உள்ளே போக ஊன்றி நிழலில் வைக்கச் சொல்லுங்கள். பங்குனி வெயில் ஏறுமுன் நட்டுவிட வேண்டும். தளிர் வந்ததும் பிடுங்கிப் பார்க்கக் கூடாது, பல நேரம் வேர் அதற்குப் பிறகுதான் வரும்.

நர்சரியில் வாங்கிய ஒட்டுச்செடி என்றால், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேறு ரோஜாவின் கிளை. உங்கள் பூ அதில் பூக்காதுங்க.