உள்ளாட்சியை பல்லுயிர், உள்ளூர் உணவு பக்கம் திருப்புறது எப்படி

பல்லுயிர், உணவு, காலநிலைன்னு தனித்தனியா கமிட்டி போட்டா எதுவும் நகராதுங்க, மூணும் ஒரே வேலைதான். உலகத்துல சாகுபடி பண்ற சுமார் 6,000 செடி வகைல ஒன்பதே ஒன்பதுதான் மொத்த விளைச்சல்ல 66 சதவீதம்னு 2019ல ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்லுச்சு. அந்த ஒன்பதுல ரெண்டு வெயில்ல கருகினா என்ன ஆகும்னு யோசிங்க.

மனு எழுதறதுக்கு முன்னாடி உங்க வார்டுக்கு ஒரு மேப் போடுங்க. எங்க தண்ணி நிக்குது, எங்க தேனீ வருது, எந்த ஓரத்துல தானா பூக்குது, யார் வீட்டுல பழைய விதை இருக்கு, எல்லாம் அதுல வரணும், வயசானவங்ககிட்ட உக்காந்து கேட்டா பாதி வேலை முடிஞ்சிடும். அவசரப்படாதீங்க, ஒரு வருஷம் முழுக்க பாத்தாதான் எந்த மாசம் என்ன இருக்குன்னு தெரியும்.

அடுத்தது செலவில்லாதது. ரோட்டோரச் செடிகளை பூத்து விதை விழுந்தப்புறம் வெட்டச் சொல்லுங்க, களைக்கொல்லியை நிறுத்தச் சொல்லுங்க. மரம் நடும்போது ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம், ஒரே பேரினம் (நெருங்கின இனங்களோட கூட்டம்) 20, ஒரே தாவரக் குடும்பம் (அந்தப் பேரினங்கள் சேர்ந்த பெரிய கூட்டம்) 30ன்னு 1990லயே அமெரிக்க மர ஆராய்ச்சியாளர் சான்டமூர் ஒரு கணக்கு சொன்னாரு, ஒரு பூச்சி வந்து மொத்தத்தையும் காலி பண்ணக்கூடாதுல்ல.

ஆனா நிஜமான பலம் டெண்டர்லதான் இருக்கு, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல! ஸ்கூல், ஆஸ்பத்திரி சமையலுக்கு மொத்தமா ஒரே ஆள்கிட்ட குறைஞ்ச விலைக்கு வாங்கினா சின்ன விவசாயி உள்ளயே வரமுடியாது, அதனால காய்கறியை சின்னச் சின்ன லாட்டா பிரிக்கணும், மெனு சீசனுக்கு ஏத்தமாதிரி மாறணும், பணம் சீக்கிரம் கைக்கு வரணும், இதெல்லாம் டெண்டர்லயே எழுத்துல இருக்கணும். பிரேசில்ல பெலோ ஒரிசோன்டே நகராட்சி 1993லயே உணவை மக்களோட உரிமைன்னு எடுத்துக்கிட்டு அதுக்குன்னே தனித்துறை வச்சுச்சு.

அதிகாரி "இது எங்க வேலை இல்ல"ன்னா உலக நாடுகள் பல்லுயிரைக் காக்க போட்ட 2022 குன்மிங்-மான்ட்ரியல் உடன்பாட்டோட 12வது இலக்கைக் காட்டுங்க, நகரத்துல பசுமையையும் நீர்நிலைகளையும் கூட்டணும்னு அதுலயே இருக்கு. எப்படி செய்யறதுன்னு கேட்டா நகரங்கள் சேர்ந்து போட்ட 2015 மிலான் உணவுக் கொள்கை ஒப்பந்தத்துல 37 பரிந்துரை இருக்கு, அதுல உங்க ஊருக்கு ஒத்துவர மூணை மட்டும் எடுங்க.

தீர்மானம் போட்டதும் கைதட்டிட்டு வந்துடாதீங்க, பட்ஜெட்ல எந்தத் தலைப்புல எவ்வளவு, எந்த அதிகாரி பொறுப்புன்னு எழுதி வாங்குங்க. அடுத்த வருஷம் அதே மாசம் அதே மேப்போட அதே தெருவுல நடங்க, மாறினதை குறிச்சு பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னாடி கவுன்சிலர் கையில குடுங்க.