தேதி கடந்த இறைச்சியைச் சமைக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழி பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கி முடித்துவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து கோழியை எடுத்தால், பொட்டலத்தின் ஒட்டுச்சீட்டில் ‘யூஸ் பை’ என்ற சொற்களுக்குக் கீழே முந்தைய நாளின் தேதி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் பல வீடுகளில் நிகழ்வது இது. விலைக்கு வாங்கியதை எறிய மனம் வராது என்றாலும், அந்தக் கோழியைச் சமைக்க வேண்டாம் என்பதே என் விடை.

முதலில் சீட்டில் உள்ள சொல்லைப் படியுங்கள். தென்னாப்பிரிக்காவில் ‘யூஸ் பை’, ‘பெஸ்ட் பிஃபோர்’, ‘செல் பை’ என்னும் மூன்று குறிப்புகளையும் காணலாம். ‘யூஸ் பை’ உடல்நலத்தைப் பற்றியது. அந்த நாளுக்குப் பிறகு உண்ணக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ சுவையையும் தரத்தையும் பற்றியது; விடாமல் உறைந்தே இருந்த இறைச்சியில் அத்தேதி கடந்திருந்தால் சுவை சற்றுக் குறையுமே தவிர ஆபத்து இல்லை. ‘செல் பை’ கடைக்காரருக்கானது; அவர் விற்று முடிக்க வேண்டிய நாளைக் குறிக்கும். தேதியே இல்லாமல் இறைச்சிக் கடையில் வெட்டி வாங்கியது என்றால், கோழியையும் கொத்துக்கறியையும் இரண்டு நாட்களுக்குள்ளும், ஆட்டுக்கறித் துண்டுகளை மூன்று நாட்களுக்குள்ளும் சமைத்துவிடுங்கள்.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, கறியை முகர்ந்து பார்த்தே முடிவு செய்வார். அவர் சொன்னது தப்பியதில்லை. ஆனால் அவர் கோழியை உயிரோடு வாங்கி, அன்றே அறுத்து, அன்றே சமைத்தவர். நாம் பல நாள் குளிரில் வைத்திருந்ததை முகர்கிறோம். கெட்ட வாடையையும் பிசுபிசுப்பையும் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வேறு, நம்மை நோயில் தள்ளும் பாக்டீரியாக்கள் வேறு. சால்மொனெல்லாவோ லிஸ்டீரியாவோ இருக்கும் இறைச்சியில் வாடை, நிறம் எதுவும் மாறாமலிருக்கலாம். எனவே வாடை வந்தால் தேதி மிச்சமிருந்தாலும் எறிய வேண்டும். வாடை வரவில்லை என்பதற்காகத் தேதி கடந்ததை ஏற்கக் கூடாது.

லிஸ்டீரியாவை இந்த நாடு மறந்திருக்காது. 2017, 2018 ஆண்டுகளில் 1,000-க்கும் மேற்பட்டோரை நோயாளிகளாக்கி, 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்தக் கிருமி, சமைக்காமலே ரொட்டியில் வைத்து உண்ணும் பதப்படுத்திய இறைச்சியான பொலோனியிலிருந்து பரவியது என்பதை 2018 மார்ச்சில் சுகாதார அமைச்சர் அறிவித்தார். பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். நோய் தரும் பெரும்பாலான கிருமிகள் குளிரில் ஏறக்குறைய அடங்கிவிட, இது ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மெல்லப் பெருகும். ஆகவே பொலோனி, வியன்னா சாசேஜ் போன்றவற்றில் ஒரு நாள்கூடச் சலுகை தராதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ முதியவரோ இருந்தால் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

“நன்றாகக் கொதிக்கவிட்டால் போதாதா?” என்று கேட்பார்கள். 75 டிகிரி செல்சியஸ் வரை உள்ளே சூடேறினால் பெரும்பாலான கிருமிகள் சாகும் என்பது உண்மைதான். ஆனால் சில கிருமிகள் முன்பே கக்கிவைத்த நஞ்சு கொதியிலும் அழியாது. மஞ்சளும் வினிகரும் போட்டு அலசுவதும் பயன் தராது. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் நீர் கிருமிகளைப் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லிக்கும் கொண்டுசேர்க்கும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று: அச்சிட்ட தேதி, இறைச்சி இடைவிடாமல் 5 டிகிரிக்குக் கீழே இருந்தது என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. வெயிலில் நிறுத்திய காரில் இரண்டு மணி நேரம் கிடந்த கோழிக்கு அந்தத் தேதி பொருந்தாது. லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டின்போது கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் பச்சை இறைச்சியைக் கழித்துவிடுங்கள். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். டர்பனைத் தாக்கிய 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது போல மின்சாரம் நாட்கணக்கில் வராவிட்டால் அதுவும் போதாது. கறியில் பனித்துகள் இன்னும் ஒட்டியிருந்தால் உடனே சமைக்கலாம். சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துவிட்டால் ஊகிக்கும் தேவையே இராது.

தேதிக்குள் சமைக்க முடியாது என்று தெரிந்தால், தேதி முடிவதற்கு முன்பே ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் சாகாவிட்டாலும் பெருகாது. புரட்டாசி விரதம் தொடங்குமுன் இதைச் செய்தவர்கள் மாதம் முடிந்ததும் அச்சமின்றிச் சமைக்கலாம். ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, வைத்த நாளைப் பையின் மேல் எழுதிவையுங்கள். வெளியே மேடையில் அல்ல, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆழமான பாத்திரத்தில் வைத்து உருகவிட்டு, உருகியதை 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிடுங்கள்.

தெரியாமல் உண்டுவிட்டிருந்தால் பதற வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகிக்கொண்டிருங்கள். மலத்தில் இரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால் அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிக்கு இலேசான காய்ச்சல் வந்தாலும் மருத்துவரைப் பார்த்து, என்ன உண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். லிஸ்டீரியாவின் அறிகுறிகள் வெளிப்படப் பல வாரங்கள் ஆகலாம்.