புது டென்டல் அசிஸ்டன்ட்கள் தவிர்க்க வேண்டிய பல் குழப்பங்கள்

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். நோயாளியின் வாயைப் பார்த்துக்கொண்டே டாக்டர் "டூ சிக்ஸ், எம்ஓ" என்றார். டூ சிக்ஸ் என்பது பல்லின் எண்; எம்ஓ என்பது அந்தப் பல்லின் பக்கங்கள், மீசியலும் கடிக்கும் பரப்பான ஒக்லூசலும். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. ஆனால் நாற்காலிக்கு எதிரே கார்டோடு நின்ற எனக்கு அந்தப் பல் வலக்கைப் பக்கம் தெரிந்தது. மேல் வலது என்றால் ஒன்று அல்லவா, டாக்டர் வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று நினைத்து 16 என்று எழுதிவிட்டேன். ஊசி போடுவதற்கு முன் எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பார்த்த டாக்டர் கையை நிறுத்தினார். அந்த மாமாவின் 16 சொத்தை எதுவும் இல்லாத நல்ல பல்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது புதிதாக வரும் தங்கைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களும் பெரும்பாலும் இதே மாதிரி இடங்களில்தான் தடுமாறுகிறார்கள்.

வலமும் இடமும் எப்போதும் நோயாளியுடையவை. தலைமாட்டில் உட்கார்ந்தால் அவர் வலமும் நம் வலமும் ஒன்று. எதிரே வந்து நின்றால் மாறிவிடும். சார்ட் வரையப்பட்டிருப்பது எதிரே நின்று பார்க்கும் கணக்கில். அதனால் தாளில் இடது மேல் மூலையில் இருப்பது நோயாளியின் மேல் வலது. பல் எண்ணின் முதல் இலக்கத்தில் அதுதான் 1. அங்கிருந்து கடிகாரம் சுற்றுவது போல மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. சந்தேகம் வந்தால் நோயாளி எந்தக் கையில் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாவது இலக்கம், நடுக்கோட்டிலிருந்து அது எத்தனையாவது பல் என்பது. ஆகவே 26 என்பது "இருபத்தாறு" அல்ல, "இரண்டு, ஆறு". தெலுக் பாஹாங் போகும் 101 பஸ்ஸை யாரும் நூற்றியொன்று என்று சொல்வதில்லை, ஒன் ஓ ஒன் என்றுதானே சொல்கிறோம்? அப்படித்தான் இதுவும். அப்புறம், யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துப் படிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 1 முதல் 32 வரை நேராக எண்ணுவார்கள். அவர்களுடைய 26 கீழ் வலது முன்பல், நம்முடைய 26 மேல் இடது கடைவாய்ப் பல். பாடம் நல்ல பாடமாகவே இருக்கும், எண் மட்டும் நம் கிளினிக்குக்கு ஒத்துவராது.

அதிகம் பேர் தவறும் இடம் மீசியல், டிஸ்டல். "மீசியல்னா முன்பக்கம், டிஸ்டல்னா பின்பக்கம்" என்று யாரோ சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். கடைவாய்ப் பல்லில் அது பொருந்துகிறது, அதனால் தப்பு தெரியாமலே ஓடுகிறது. முன்பல்லுக்கு வந்ததும் சிக்கிக்கொள்கிறார்கள். முன்பல்லின் முன்பக்கம் உதட்டைப் பார்த்திருக்கும் லேபியல். மீசியல் என்றால் நடுக்கோட்டை நோக்கிய பக்கம், டிஸ்டல் என்றால் அதைவிட்டு விலகிய பக்கம். பல் வரிசையை வளைந்து போகும் ஒரு தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு அந்தத் தெருவின் நடுவில் இருக்கும் கோவில். ஒவ்வொரு வீட்டுக்கும் கோவில் பக்கச் சுவர் மீசியல், மறுபக்கச் சுவர் டிஸ்டல். மேலே 11-உம் 21-உம், கீழே 31-உம் 41-உம் சந்திக்கும் இடங்களில் மட்டும் மீசியலும் மீசியலும் தொடும். மற்ற இடங்களில் ஒரு பல்லின் டிஸ்டல் அடுத்த பல்லின் மீசியலைத் தொடும். இது பிடிபட்டால், 46 எம்ஓ என்றதும் 45-க்கும் 46-க்கும் நடுவில்தான் பல்லைச் சுற்றும் மெல்லிய பட்டையான மேட்ரிக்ஸ் பேண்டும் அதை இறுக்கும் ஆப்பான வெட்ஜும் உட்கார வேண்டும் என்று கை தானாகப் போகும். மாஸ்க்குக்குள்ளிருந்து வரும் "டிஓ"வும் (டிஸ்டல்) "பிஓ"வும் (கன்னத்துப் பக்கமான பக்கல்) ஒரே மாதிரி கேட்கும். "டிஸ்டலா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்டதற்காகத் திட்டிய டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாக்குப் பக்கம் கீழ்ப் பல்லில் லிங்குவல், மேல்பல்லில் பாலடல். கன்னத்துப் பக்கம் பக்கல்.

எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான விஷயம் பிள்ளைகளின் வாய். பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1949-இலேயே தொடங்கிய ஊர் பினாங்கு. அப்படியும் ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிவரும் அம்மா, கடைசிப் பல்லைக் காட்டி "பால் பல்தானேம்மா, விழுந்திடும்" என்று சொல்வதை இன்றும் கேட்கிறேன். பால் பற்கள் மொத்தம் 20, வாயின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் ஐந்து. ஏறக்குறைய ஆறு வயதில் அந்த ஐந்தாவதுக்குப் பின்னால் எதுவும் விழாமலே ஒரு பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல், போனால் திரும்ப வராது. எதுவும் ஆடவில்லை, விழவில்லை என்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. நாமும் ஏமாறலாம். ஏனென்றால் பால் பல்லில் கடைசியாக இருக்கும் 75 (பால் பற்களுக்கு முதல் இலக்கம் 1 முதல் 4-க்குப் பதில் 5 முதல் 8; 7 என்றால் கீழ் இடது), நிரந்தரப் பல்லான 36-இன் சின்ன அச்சு போலவே இருக்கும். உருவத்தை மட்டும் நம்பாமல் நடுக்கோட்டிலிருந்து விரல் விட்டு எண்ணுங்கள். ஐந்தாவதாகவும் சின்னதாகவும் வெள்ளையாகவும் இருந்தால் 75, ஆறாவதாக இருந்தால் 36. 75 விழுந்த இடத்தில் வருவது கடைவாய்ப் பல் அல்ல, முன்கடைவாய்ப் பல்லான 35. பால் பற்களில் முன்கடைவாய்ப் பல் என்று ஒன்று கிடையாது.

பெரியவர்களிடம் வெறும் எண்ணிக்கை ஏமாற்றும். சின்ன வயதிலேயே 36-ஐப் பிடுங்கியிருந்தால் 37 சாய்ந்து முன்னால் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியும் மூடியிருந்தால் 37-ஐ 36 என்றும், ஞானப் பல்லை 37 என்றும் எழுதிவிடுவோம். மலாய்க்காரர்கள் ஞானப் பல்லை கிகி போங்சு, அதாவது கடைக்குட்டிப் பல் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், எட்டாவது இடம் மறக்காது. இப்படிச் சந்தேகமான வாயில் "முன்னாடி இங்கே பல் எடுத்திருக்கீங்களா?" என்று நோயாளியைக் கேட்டு, எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிரௌன் என்ற சொல்லும் குழப்பும். பற்சிப்பி மூடிய பகுதி ஒரு கிரௌன், வாயில் கண்ணுக்குத் தெரியும் பகுதி இன்னொரு கிரௌன், டாக்டர் செய்து மாட்டும் கேப்புக்கும் அதே பெயர். ஈறு இறங்கியவர்களுக்குப் பல் நீளமாகத் தெரிந்தாலும் பற்சிப்பி நீண்டுவிடவில்லை, வெளியே வந்திருப்பது வேர். சக்‌ஷன் பிடிக்கும்போது அங்கே காற்றோ தண்ணீரோ பட்டால் சுருக்கென்று கூசும்.

கடைசியாக வேர். மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்: கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. அதனால்தான் அந்தப் பல்லைப் பிடுங்கும் ஃபோர்செப்ஸில் ஒரு அலகு மட்டும் கூராக இருக்கிறது. கன்னத்துப் பக்க வேர்கள் இரண்டுக்கும் நடுவில் அது போய் உட்கார வேண்டும். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று அது ஜோடியாக வருவதும் இதனால்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக முன்னும் பின்னுமாக இரண்டே வேர், எனவே இரண்டு அலகும் கூர், இரு பக்கத்துக்கும் ஒரே ஃபோர்செப்ஸ். 26-க்கு ட்ரே அடுக்கும்போது ஃபோர்செப்ஸை எடுத்து, கூர் அலகு நோயாளியின் இடது கன்னத்தைப் பார்க்கிறதா என்று ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அலகு அண்ணத்தைப் பார்த்தால், கையில் இருப்பது 16-க்கு உரியது.