லப்டொப், போன் புரொசசரை ஓவர்குளொக் பண்ணலாமா? திருகோணமலை வெக்கைக்கு ஒரு வழிகாட்டி

ஓவர்குளொக் என்பது புரொசசரை அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேலே ஓட வைப்பது. பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். லப்டொப் புரொசசரை ஓவர்குளொக் பண்ண பெரும்பாலும் ஏலாது, ஏலுமென்றாலும் பிரயோசனம் குறைவு. போனில் அந்தப் பக்கமே போகத் தேவையில்லை. ஆனால் இப்போது கையில் இருக்கிற மெஷினிலேயே இன்னும் கொஞ்சம் வேகம் ஒளிந்திருக்கிறது, சூட்டைக் குறைத்தால்தான் அது வெளியே வரும், அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உங்கள் புரொசசரின் பெயரைப் பாருங்கள். விண்டோசில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தட்டினால் வலது மேல் மூலையில் முழுப் பெயரும் இருக்கும். இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் யூ, பி, எச் என்று வந்தால் வேகத்தைத் தீர்மானிக்கிற பெருக்கி எண் பூட்டப்பட்டது, அதோடு கதை முடிந்தது. எச்கே, எச்எக்ஸ் என்று முடிகிற விலைகூடின வகைகளில்தான் பூட்டுத் திறந்து வர வாய்ப்பு, அதிலும் லப்டொப் கம்பனி பயோசில் (மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடுகிற அடிப்படை மென்பொருள்) அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். ரைசன் லப்டொப்களிலும் பெரும்பாலும் பூட்டுத்தான். எம் வரிசை மக்புக்கில் அப்படியொரு செட்டிங்கே கிடையாது.

உண்மையில் உங்கள் சிப்பைத் தொழிற்சாலையிலேயே ஓவர்குளொக் பண்ணித்தான் அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு வைத்த பெயர் டர்போ. உதாரணத்துக்கு ஐ7-1165ஜி7 ஐ எடுங்கள். 28 வாட்டில் அதன் அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், டர்போ 4.7 வரை. பெட்டியில் பெரிதாக அடிப்பது இரண்டாவது எண்ணை, ஆனால் எல்லாக் கோர்களும் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடுகிற பகுதிகள்) சேர்ந்து நெடுநேரம் வேலை செய்யும்போது அந்த எண் நிலைக்காது. தொடங்கின கொஞ்ச நேரத்துக்குக் கூடின வாட் கிடைக்கும், பிறகு கீழே இறக்கிவிடும். அதாவது நமக்குக் குறைவது மேல் எல்லை உயர்த்தாததால் இல்லை, இருக்கிற எல்லையையே மெஷினால் தொட்டுக்கொண்டிருக்க முடியாததால்.

சரி, பூட்டில்லாத சிப்பே உங்களிடம் இருக்கிறது என்று வைப்போம். ஒரு சிப் எடுக்கிற மின்சக்தி வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். வேகத்தை 10 வீதம் ஏற்ற வோல்டேஜை 8 வீதம் கூட்ட வேண்டி வந்தால் 1.1 ஐ 1.08 இன் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள், 1.28 வரும். 10 வீத வேகத்துக்கு 28 வீதம் கூடின சூடு! டெஸ்க்டொப்பில் ஒரு சாண் உயரக் கூலரை மாட்டிச் சமாளிக்கலாம், லப்டொப்பில் இருப்பது தட்டையான செப்புக் குழாயும் விரல் தடிப்புக் கூட இல்லாத ஃபேனும்.

இதில் நம் ஊர் வெக்கையையும் சேருங்கள். ரிவியூ செய்கிறவர்கள் ஏசி அறையில் 22 பாகையில் வைத்துச் சோதிப்பார்கள், கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் உவர்மலைப் பக்கம் சீற் போட்ட அறையொன்று மத்தியானம் 34, 35 ஐச் சாதாரணமாகத் தொடும். அறை 12 பாகை கூடினால் சிப்பும் ஏறத்தாழ அந்த 12 பாகையைச் சேர்த்துத்தான் காட்டும், அதனால் அவர்களிடம் 85 இல் ஓடின அதே லப்டொப் நம்மிடம் 97 இல் நின்று மூச்சு வாங்கும். பெரும்பாலான இன்டெல் லப்டொப் சிப்கள் 100 பாகையில் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும். பிறகென்ன ஓவர்குளொக்?

எனவே அளந்து பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சென்சர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு புரொசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கிற சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட விடுங்கள், சார்ஜர் குத்தியிருக்க வேண்டும், கட்டில் மெத்தையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். முதல் நிமிடத்தில் வேகம் எவ்வளவு, கடைசி நிமிடத்தில் எவ்வளவு, சூடு எங்கே போய் நிற்கிறது, இந்த மூன்றையும் கடதாசியில் எழுதுங்கள். சூடு 95க்கு மேலே நின்று வேகம் விழுந்தால் கூலிங்தான் பிரச்சினை. சூடு 75, 80 இல் இருக்கும்போதே வேகம் விழுந்தால் கம்பனி வைத்த வாட் எல்லை பிடித்து வைத்திருக்கிறது, அதைச் சில மெஷின்களில் கம்பனியின் சொந்த மென்பொருளில் பெர்ஃபோமன்ஸ் மோட் போட்டுக் கொஞ்சம் தளர்த்தலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை.

கூலிங் பிரச்சினை என்றால் திறந்து துப்புரவாக்குங்கள். உப்புவெளிக் கரையில் விடுதி நடத்துகிற சொந்தக்காரர் ஒருவரின் லப்டொப்பைத் திறந்தபோது ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படை இருந்தது, விரலால் பிடித்து இழுக்க ஒரே துண்டாக உரிந்து வந்தது, உப்புக் காற்றில் திருகாணித் தலைகள் வேறு பச்சை பூத்திருந்தன. அவர் அதுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது "இதை ஓவர்குளொக் பண்ணித் தரலாமா தம்பி" என்றுதான்.

திறக்கிற முறை இதுதான். மெஷினை முழுதாக நிறுத்தி, பின்மூடியைக் கழற்றி, வேறெதையும் தொடுவதற்கு முன் பட்டரி வயரை போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். தூசியை ஊதும்போது ஃபேனின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும். வொரண்டி முடிந்த மெஷின் என்றால் சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற தேர்மல் பேஸ்டையும் மாற்றலாம்: கூலரில் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும், கழற்றும்போது கடைசி இலக்கத்திலிருந்து 1 வரையும் பூட்டும்போது 1 இலிருந்து கடைசி வரையும் போங்கள், ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பழைய பேஸ்ட் பொருக்காகக் காய்ந்திருக்கும், ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். கை நடுங்குமென்றால் கடையில் கொடுங்கள், ஆனால் பேஸ்ட் மாற்றுவதைக் கூடவே நின்று பாருங்கள்.

அடுத்தது அண்டர்வோல்ட், நான் அதிகம் பரிந்துரைக்கிறது இதைத்தான். கம்பனி எல்லாச் சிப்புக்கும் பொதுவாக, பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடின வோல்டேஜை வைத்திருக்கும். அந்த மேலதிகத்தைக் குறைத்தால் அதே வேகம் குறைந்த சூட்டில் வரும், சூடு குறைந்தால் டர்போ நீளும், மேலே சொன்ன வர்க்கக் கணக்கு இம்முறை நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. த்ரொட்டில்ஸ்டொப் என்ற மென்பொருளில் எஃப்ஐவிஆர் பக்கத்தைத் திறந்து, கோருக்கும் கேஷுக்கும் (சிப்புக்குள் இருக்கிற சிறு நினைவகம்) ஒரே அளவாக முதலில் 50 மில்லிவோல்ட் குறையுங்கள், வோல்டேஜைச் சேமிக்காமல் ஓகே கொடுக்கிற தெரிவு அதிலேயே இருக்கிறது, அதை எடுங்கள். ஏதாவது பிழைத்து மெஷின் தொங்கினால் ரீஸ்டார்ட் செய்ய பழையபடி வந்துவிடும். சினிபெஞ்ச் ஓடிப் பிழையில்லை என்றால் இன்னும் 10, இன்னும் 10 என்று இறங்குங்கள், தொங்குகிற இடம் வந்ததும் அங்கிருந்து 15, 20 மேலே ஏற்றி நிறுத்தி, இரண்டு மூன்று நாள் வழமையான வேலையில் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். அந்தப் பக்கத்தில் லொக் என்று காட்டினால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது, வோல்டேஜைத் தாறுமாறாக்கி சிப்புக்குள் இருக்கிற இரகசியங்களை எடுக்கிற வித்தை அது, அதற்குப் பிறகு பல கம்பனிகள் பயோஸ் அப்டேட்டில் இந்தக் கதவையே சாத்திவிட்டன. பழைய பயோசுக்குத் திரும்பிப் போகச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேம் விளையாடுகிற பொடியன்களுக்கு ஒரு குறுக்குவழி. பல லப்டொப்களில் சிபியூவுக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஒரே செப்புக் குழாய்தான், சிபியூ தேவையில்லாமல் டர்போவில் குதித்தால் கிராபிக்ஸ் அவிந்துபோகும். பவர் ஒப்ஷனில் மக்சிமம் புரொசசர் ஸ்டேட்டை 100 இலிருந்து 99 ஆக்கிப் பாருங்கள், டர்போ நின்று சூடு சட்டென்று இறங்கும், பல கேம்கள் முன்னையதை விடச் சீராக ஓடும். தனி கிராபிக்ஸ் சிப் இருந்தால் ஓவர்குளொக் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம், எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னரில் கோர் வேகத்தை 50, 100 மெகாஹெர்ட்ஸ் என்று மெதுவாகக் கூட்டிப் பார்க்கலாம், பல மெஷின்களில் அது திறந்தே இருக்கும். தனி கிராபிக்ஸ் இல்லையா, ஒரே ரேம் துண்டோடு ஓடுகிறதா, அப்படியென்றால் காசை இரண்டாவது துண்டில் போடுங்கள், கேமில் தெரிகிற வித்தியாசம் எந்த ஓவர்குளொக்கையும் தோற்கடிக்கும்.

போனுக்கு வருவோம். அன்ட்ரொய்டில் புரொசசர் வேகத்தைத் தொட பூட்லோடரை (போனைத் தொடக்கிவைக்கிற, கம்பனி பூட்டி வைத்த மென்பொருள்) திறக்க வேண்டும், ரூட் எடுக்க வேண்டும், அதாவது போனின் முழு அதிகாரத்தையும் நம் கையில் எடுக்க வேண்டும், அந்த மொடலுக்கென்று யாராவது செய்த கேர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதி) போட வேண்டும். பூட்லோடரைத் திறந்தவுடனேயே போனில் இருப்பதெல்லாம் அழியும், வங்கி ஆப்கள் பல ஓட மறுக்கும். சாம்சங்கில் நொக்ஸ் என்ற பாதுகாப்பு நிரந்தரமாக எரிந்துவிடும், திரும்பப் பழைய மென்பொருளைப் போட்டாலும் செக்கியூர் ஃபோல்டர் வராது. ஹுவாவே 2018 இலேயே திறப்புக் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஐபோனில் வழியே இல்லை. இவ்வளவும் எதற்கு? போன் சிப் செய்கிற குவால்கொம் 2019 இல் தன் 855 சிப்பை 855 பிளஸ் என்று விட்டபோது பிரதான கோரின் வேகம் 2.84 இலிருந்து 2.96 கிகாஹெர்ட்ஸ் ஆனது, வெறும் 4 வீதம், அதுவும் சிப் செய்கிறவனே கூட்டியது. ஃபேனே இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் கூட்டுவதை பத்து நிமிடத்தில் சூடு திருப்பிப் பிடுங்கிவிடும். பிளே ஸ்டோரில் கிடைக்கிற கேம் பூஸ்டர், சிபியூ கூலர் ஆப்களைப் பற்றி ஒரே வரி: ரூட் இல்லாமல் அவற்றால் வேகத்தைத் தொடவே முடியாது, விளம்பரம் மட்டும் வரும்.

போன் இழுபடுகிறது என்றால் கவரைக் கழற்றி விளையாடுங்கள், சார்ஜில் போட்டுக்கொண்டு விளையாடாதீர்கள், கேமின் பிரேம் அளவை (ஒரு வினாடிக்குக் காட்டுகிற படங்களின் எண்ணிக்கை) ஒரு படி குறையுங்கள், ஸ்டோரேஜில் கொஞ்சம் இடம் விடுங்கள். டச்பே கடற்கரை வெயிலில் போனை மணலில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்து வீடியோ எடுக்கப் போனால் எந்தச் சிப்பும் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். ஐபோன் பழசென்றால் செட்டிங்கில் பட்டரி ஹெல்த்தைப் பாருங்கள், தேய்ந்த பட்டரியால் போன் திடீரென அணையாமல் இருக்க வேகத்தைக் குறைப்பதை 2017 டிசம்பரில் அப்பிளே ஒத்துக்கொண்டது, அப்படியான போன்களில் புதுப் பட்டரி போட்டால் பழைய வேகம் திரும்பும். அன்ட்ரொய்டோ ஐபோனோ, திரையோ பின்மூடியோ ஓரத்தில் கொஞ்சம் மேலெழும்பியிருந்தால் உள்ளே பட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம், அமத்திப் பார்க்காமல், சார்ஜிலும் போடாமல், நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.